புரொஃபியூமோ சொன்ன பொய்யும் நான் எழுதிய பதிலும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மயூர் விஹாரில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பேத்தி வந்திருந்தாள். கல்லூரியில் அரசியல் படிப்பவள். சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, கிறிஸ்டின் கீலர்னு ஒரு பொண்ணால இங்கிலாந்துல ஒரு கவர்ன்மெண்டே கவுந்துதாமே? சீரியல்ல பார்த்தேன். உங்க காலத்துல நடந்ததுதானே?" என்று கேட்டாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். பேத்தியிடம் பேசுகிற பேச்சா இது என்பது அந்தப் பார்வையின் பொருள். ஆனால் கேட்டவள் குழந்தை இல்லையே! "கவர்ன்மெண்ட் ஆடிப் போனது நிஜம்மா. ஆனா அந்தப் பொண்ணால இல்லை. ஒரு பொய்யால" என்று ஆரம்பித்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கரோல்பாக் மெஸ்ஸில்

1963-ஆம் வருஷம் எனக்கு வயது 21. தில்லிக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு சர்க்கார் ஆபீசில் எல்.டி.சி. உத்தியோகம். கரோல்பாக்கில் ஒரு மொட்டைமாடி அறையில் நாலு பிரம்மச்சாரிகள். சாப்பாடு தெருக்கோடியில் இருந்த கும்பகோணத்து மாமாவின் மெஸ்ஸில். தில்லியில் அந்நாளில் தனியாக இருந்தவர்களுக்கு இப்படி ஒரு மெஸ்தான் வீடு, ஊர், சங்கம் எல்லாமே என்பது பழைய அன்பர்களுக்கு நினைவிருக்கும்.

மெஸ் மாமாவுக்கு ஆங்கிலப் பத்திரிகை வரும். அவர் பாதி, நாங்கள் பாதி என்று உரக்கப் படிப்போம். எனக்கு அது சுருக்கெழுத்துப் பயிற்சிக்கும் உதவியது. பிரிட்டிஷ் பாராளுமன்றச் செய்தி என்றால் மாமாவுக்கு ஒரு தனி மரியாதை. 'வெள்ளைக்காரன் போனாலும் அவன் சபை சபைதான்' என்பார். அந்த வருஷம் கோடையில் லண்டனிலிருந்து வந்த செய்திகளைப் படிக்கும்போது மட்டும், மாமி சாம்பார் வாளியோடு வந்துவிட்டால், மாமா சட்டென்று பக்கத்தைத் திருப்பி உருளைக்கிழங்கு விலையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்!

நீச்சல் குளத்தங்கரை

நடந்தது இதுதான். 1961 ஜூலை 8, சனிக்கிழமை. லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் நதிக்கரையில் கிளிவ்டன் என்று ஒரு மாளிகை. ஆஸ்டர் பிரபுவுக்குச் சொந்தம். அங்கே வார இறுதி விருந்து. விருந்தினர்களில் ஒருவர் ஜான் புரொஃபியூமோ, பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர், வயது 46. அவருடைய மனைவி வாலரி ஹாப்சன் புகழ் பெற்ற திரைப்பட நடிகை. அந்த வார இறுதியின் விருந்தாளிகளில் பாகிஸ்தான் அதிபர் அயூப்கானும் இருந்தார்.

அதே எஸ்டேட்டில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர் ஸ்டீபன் வார்ட். எலும்பையும் தசையையும் நீவிக் குணப்படுத்தும் வைத்தியர். நல்ல ஓவியரும்கூட. பெரிய மனிதர்கள் பலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தார்கள், படம் வரைந்துகொண்டார்கள், நண்பர்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள். அவருடன் வந்திருந்தவள் 19 வயதுக் கிறிஸ்டின் கீலர், லண்டன் இரவு விடுதி ஒன்றில் ஆடியவள். நீச்சல் குளத்தங்கரையில் அமைச்சருக்கும் அவளுக்கும் அறிமுகம் ஆயிற்று. மறுநாள் அங்கே இன்னொருவரும் வந்து சேர்ந்தார். அவர் யெவ்கெனி இவானோவ், லண்டனில் இருந்த சோவியத் தூதரகத்தின் கடற்படை அதிகாரி.

அமைச்சருக்கும் கீலருக்கும் ஏற்பட்ட பழக்கம் நெடுநாள் நீடிக்கவில்லை. வார்டிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி கேபினட் செயலாளரே அந்த ஆகஸ்டில் அமைச்சரிடம் சொன்னார். விஷயம் அத்தோடு மண்ணுக்குள் போயிருக்கும். ஆனால் 1962 டிசம்பர் 14 அன்று, கீலரிடம் கோபம் கொண்ட ஒரு பழைய காதலர், அவள் உள்ளே இருக்கும்போது வார்டின் வீட்டு வாசலில் துப்பாக்கியால் சுட்டார். வழக்கு 1963 மார்ச்சில் விசாரணைக்கு வந்தபோது முக்கிய சாட்சியான கீலரைக் காணோம். ஸ்பெயினுக்குப் போய்விட்டாள். யார் அனுப்பினார்கள், எதற்காக என்று ஊரெல்லாம் கிசுகிசு.

மார்ச் 21 இரவு எதிர்க்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் விக் சபையில் எழுந்து, ஒரு அமைச்சரைப் பற்றி வதந்தி உலவுகிறது, உண்டா இல்லையா என்று சொல்லுங்கள் என்றார். அன்று நள்ளிரவுக்குப் பின் புரொஃபியூமோவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வரவழைத்தார்கள். சகாக்கள் ஐந்து பேர் கூடி, மறுநாள் சபையில் என்ன படிப்பது என்று ஒரு அறிக்கை தயாரித்தார்கள். 22-ஆம் தேதி காலை, பிரதமர் ஹெரால்டு மக்மில்லன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, புரொஃபியூமோ எழுந்து படித்தார். கீலருடன் தமக்கு இருந்த அறிமுகத்தில் தகாதது எதுவுமே இல்லை, வெளியே யாராவது அப்படிச் சொன்னால் வழக்குப் போடுவேன் என்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு உறுப்பினர் சபையில் தம்மைப் பற்றித் தாமே விளக்கம் தந்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. குறுக்குக் கேள்வி கிடையாது. கௌரவமுள்ளவர் சொல்கிறார், நம்புகிறோம் என்பதுதான் மரபு. புரொஃபியூமோ சொன்னது அந்த இடத்தில் நின்று சொன்ன பொய்.

ஒரு ஃபைல்

இப்போது என் கதைக்கு வருகிறேன். அதே வருஷம் மே மாதம் ஒரு நாள், மத்தியான வேளையில் ஆபீசிலிருந்து நழுவி கன்னாட் பிளேஸில் மாட்னி பார்த்துவிட்டேன். அன்று டைப் அடிக்க வேண்டியது பாக்கி நின்றது. இரவில் கைப்பிரதி எழுதிவைத்துக்கொண்டு காலையில் அடித்துவிடலாம் என்று ஃபைலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அது பெருங்குற்றம். போகிற வழியில் டி.டி.யு. பஸ்ஸில் சீட்டின் மேல் வைத்தவன், கரோல்பாக்கில் வெறுங்கையோடு இறங்கிவிட்டேன்.

மறுநாள் செக்‌ஷன் ஆபீசர் கேட்டார். வாயில் வந்தது இது: "நேற்று சாயங்காலமே தஃப்தரியிடம் கொடுத்துவிட்டேன், சார்."

தஃப்தரி என்றால் ஃபைல்களை அடுக்கிவைத்து எடுத்துத் தருகிற ஊழியர். எங்கள் பிரிவில் இருந்தவர் கடுவால் மலைப்பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். பியூன் புக்கில் பதியாமலே ஃபைலைக் கைமாற்றுவது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் வழக்கம். எனவே நான் கொடுக்கவில்லை என்று அவரால் நிரூபிக்க முடியாது. அவருக்கு மெமோ கொடுத்தார்கள்.

அந்த மெமோவை எடுத்துக்கொண்டு அவர் யாரிடம் வந்தார் தெரியுமா? என்னிடம்தான்! அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஊரிலிருந்து வரும் இந்திக் கடிதத்தைக்கூட எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். நானோ ஊரில் இந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவன். அவருக்குக் கடிதம் படித்துச் சொல்வதும், மாதா மாதம் மணியார்டர் பாரம் நிரப்பித் தருவதும் என் வேலை. "பாபுஜி, இதில் என்ன எழுதியிருக்கிறது? பதில் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஃபைலை வாங்கியதாக ஞாபகம் இல்லை, கவனக்குறைவு நேர்ந்திருந்தால் மன்னிக்கவும் என்று நல்ல ஆங்கிலத்தில், கை நடுங்காமல் எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு மண்பானையிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இனி சம்பளத்தில் பிடிப்பார்களா, வேலையே போகுமா என்ற கவலையில் மனிதர் இளைத்துப் போனார். மூன்று வாரம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 5

புரொஃபியூமோவின் பொய் பத்து வாரம் நின்றது. இடையில் போலீசார் வார்டின்மேல் விசாரணை தொடங்கினார்கள். நெருக்கடி தாங்காத வார்ட், அமைச்சர் சபையில் சொன்னது உண்மையல்ல என்று உள்துறை அமைச்சருக்கும் எதிர்க்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சனுக்கும் எழுதிவிட்டார். விடுமுறைக்கு மனைவியோடு வெனிஸ் நகரத்துக்குப் போன புரொஃபியூமோ, அங்கே அவரிடம் உண்மையைச் சொன்னார். லண்டன் திரும்பினார். ஜூன் 5 அன்று ராஜினாமா வெளியாயிற்று.

மறுநாள் மெஸ்ஸில் மாமா பத்திரிகையை என் கையில் கொடுத்து, "உன் இங்கிலீஷ்தான் நன்னாயிருக்கும், படி" என்றார். பிரதமருக்கு அவர் எழுதிய கடிதம் அச்சாகியிருந்தது. சபையையும் சகாக்களையும் தவறான வழியில் நடத்திவிட்டேன், மனைவியையும் குடும்பத்தையும் காப்பதாக எண்ணி அப்படிச் செய்தேன், அவர்களும் என்னால் ஏமாற்றப்பட்டவர்களே என்ற பொருள்பட இருந்தது. நாலு வரி படித்தேன். அதற்குமேல் குரல் எழும்பவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டேன். அஜீரணம் என்று மாமி மோர் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் செக்‌ஷன் ஆபீசர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "எந்த பஸ்? எந்த ரூட்?" என்று மட்டும் கேட்டார். டெப்போவுக்கு ஆள் போயிற்று. மத்தியானத்துக்குள் ஃபைல் வந்துவிட்டது! தொலைந்த அன்றே கண்டக்டர் அதை ஒப்படைத்திருக்கிறார். மூன்று வாரமாக டெப்போ அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கிறது. யாரும் அங்கே கேட்கவில்லை. எல்லோரும் தஃப்தரியையே அல்லவா கேட்டுக்கொண்டிருந்தோம்!

அரசு ஆடியது எப்படி?

லண்டனிலும் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. புரொஃபியூமோவைப் பற்றிய பேச்சு 1963 பிப்ரவரியிலேயே பிரதமர் காதுக்கு எட்டியிருந்தது. ஆனால் மக்மில்லன் அவரைத் தம் எதிரில் உட்காரவைத்து நேருக்கு நேர் கேட்கவே இல்லை. மற்றவர்கள் கேட்டார்கள், இல்லை என்றார், நம்பினேன் என்பதுதான் அவருடைய வாதம்.

ஜூன் 17 அன்று சபையில் விவாதம். வில்சன் சாமர்த்தியசாலி. படுக்கையறைப் பக்கமே போகவில்லை. போர்த்துறை அமைச்சர் ஒருபுறம், சோவியத் அதிகாரி மறுபுறம், நடுவில் ஒரே பெண் என்றால் நாட்டின் ரகசியம் என்ன ஆயிற்று என்று கேட்டார். கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வாக்கெடுப்பில் அரசு பிழைத்தது. ஆனால் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியினர் 27 பேர் வாக்களிக்கவில்லை. கிடைத்த பெரும்பான்மை 69. மக்மில்லனின் வயதும் அப்போது 69!

விசாரணைக்கு நீதிபதி டென்னிங் பிரபு நியமிக்கப்பட்டார். விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. மாமாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "நம்ம ஊர் முந்த்ரா விவகாரத்துல சாக்ளா பம்பாயில எல்லார் எதிர்லயும் விசாரிச்சாரே! டி.டி.கே. மந்திரி பதவியை விட்டாரே! அவாளுக்கு மட்டும் என்ன ரகசியம்?" என்பார். செப்டம்பர் 26 அன்று அறிக்கை வெளியானபோது லண்டனில் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். லட்சம் பிரதிக்குமேல் விற்றது. ஒரு சர்க்கார் அறிக்கைக்கு இப்படி ஒரு கிராக்கி!

ரகசியம் எதுவும் கசியவில்லை என்றார் டென்னிங். ஆனால் அமைச்சர்கள் தங்களையே தவறான கேள்வி கேட்டுக்கொண்டார்கள் என்றும் சொன்னார். இவர் தவறு செய்தாரா என்று மட்டும் பார்த்தார்கள். சாதாரண மக்கள் அப்படி நம்புவதற்கு இவருடைய நடத்தை இடம் கொடுத்ததா என்று பார்க்கவில்லை.

அக்டோபரில் மக்மில்லன் நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார், பதவி விலகினார். அடுத்து வந்தவர் அலெக் டக்ளஸ்-ஹோம். 1964 அக்டோபர் 15 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 317 இடமும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 304 இடமும் கிடைத்தன. பதின்மூன்று வருஷ ஆட்சி முடிந்தது.

இதற்கெல்லாம் புரொஃபியூமோ ஒருவரே காரணம் என்று சொல்வது நியாயமல்ல. 1962 ஜூலையிலேயே மக்மில்லன் கேபினட் அமைச்சர்கள் ஏழு பேரை ஒரே வீச்சில் நீக்கிக் கட்சியின் மனத்தைப் புண்படுத்தியிருந்தார். 1963 ஜனவரியில் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் பிரிட்டன் சேர முடியாதபடி பிரான்ஸின் டி கால் கதவைச் சாத்தினார். வேலையில்லாத் திண்டாட்டம் வேறு. கறையான் அரித்த கதவுதான். ஆனாலும் தொழிற்கட்சி ஜெயித்தது, சபையில் நாலே நாலு இடம் அதிகம் என்ற கணக்கில். அவ்வளவு நெருங்கிய போட்டியில், இவர்கள் சொல்வதை இனி நம்ப முடியாது என்ற எண்ணத்துக்கு என்ன விலை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

யார் விலை கொடுத்தார்கள்?

பேத்திக்கு நான் முக்கியமாகச் சொன்னது இந்தப் பகுதியைத்தான். உண்மையைச் சொன்ன வார்ட் என்ன ஆனார்? பெண்களின் விபசார வருமானத்தில் வாழ்ந்தார் என்று கைது செய்து ஜூலையில் வழக்கு நடத்தினார்கள். அவர் வரைந்த படங்களில் இருந்த பெரிய மனிதர்கள் யாரும் சாட்சிக் கூண்டேறி அவருக்காகப் பேசவில்லை. தீர்ப்புக்கு முந்தைய இரவு தூக்க மாத்திரைகளை விழுங்கினார். நினைவிழந்து கிடக்கும்போதே இரண்டு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்றார்கள். ஆகஸ்ட் 3 அன்று இறந்து போனார்.

கீலர்? வேறொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதற்காக அந்த டிசம்பரில் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை. நீதிமன்றத்தில் பொய் சொன்ன 21 வயதுப் பெண்ணுக்குச் சிறை. பாராளுமன்றத்தில் பொய் சொன்ன அமைச்சருக்கு அப்படி எதுவும் இல்லை. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. 2017-இல் 75 வயதில் அவள் இறந்த செய்தியைப் படித்தபோதும், தலைப்பில் அந்த அமைச்சர் பெயர் அவளை விடவில்லை.

புரொஃபியூமோவையும் குறை மட்டுமே சொல்லக் கூடாது. அரசியலுக்கு அவர் திரும்பவே இல்லை. லண்டனின் ஏழைகள் வாழும் கிழக்குப் பகுதியில் டாய்ன்பி ஹால் என்ற சேவை நிலையத்தில் தொண்டராகச் சேர்ந்து பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து, ஏறக்குறைய நாற்பது வருஷம் உழைத்தார். தம் தரப்பை விளக்கி ஒரு பேட்டிகூடக் கொடுக்கவில்லை. 1975-இல் அரசாங்கமே விருது கொடுத்தது. 2006-இல் 91 வயதில் காலமானார். வாலரி ஹாப்சன் 1998-இல் இறக்கும்வரை கணவரோடு இருந்தார். பிராயச்சித்தம் என்றால் அது பிராயச்சித்தம்தான். ஆனால் அதற்குக்கூட ஒருவருக்கு வசதியும், கைகொடுக்க மனிதர்களும் வேண்டியிருக்கிறது. வார்டுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

தஃப்தரியின் மெமோவை ரத்து செய்தார்கள். எனக்கு ஒரு வருஷம் இன்கிரிமெண்ட் நின்றது. அன்று சாயங்காலம் ஆபீஸ் வராந்தாவில் அவரிடம் போய், "தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அது சரி பாபுஜி, நீங்கள்தானே என் பதிலை எழுதிக் கொடுத்தீர்கள்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார்.

அதற்குப் பிறகும் எட்டு வருஷம் ஒரே பிரிவில் இருந்தோம். காலையில் பார்த்தால் நமஸ்தே சொல்வார். மேஜையில் தண்ணீரும் வைப்பார். அது அவர் வேலை. ஆனால் ஊரிலிருந்து வந்த கடிதத்தை மட்டும் என்னிடம் கொண்டுவரவே இல்லை. மணியார்டர் பாரத்தை அடுத்த பிரிவில் யாரிடமோ கொடுத்து எழுதிக்கொண்டார். எனக்கு விழுந்த தண்டனைகளில் இன்கிரிமெண்ட் சின்னது.

ஆபீஸோ அரசாங்கமோ, எல்லாவற்றையும் பியூன் புக்கில் எழுதிக்கொண்டு நடத்த முடியாது. பாதி காரியம் ஒருவர் வாய்ச்சொல்லை மற்றவர் நம்புவதில்தான் நடக்கிறது. அந்த நம்பிக்கையை உடைத்தவன் பிறகு உண்மையைச் சொன்னால் ஃபைல் திரும்பி வரும், மெமோ ரத்தாகும். கடிதம் திரும்பி வருவதில்லை. ஆகையால், சொல்ல வேண்டிய உண்மையை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அறுபது வருஷத்துக்குப் பிறகும் எனக்கு வேறு பாடம் தெரியவில்லை.

பேத்திக்கு இந்த ஃபைல் கதையைத்தான் அன்று சொல்லவில்லை. தாத்தாவின்மேல் அவளுக்கு நல்ல எண்ணம். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருப்பதும் இப்போது சரியாகத் தோன்றவில்லை. இந்த இதழ் வீட்டுக்கு வந்ததும் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் கற்ற தமிழ்தான் அவளுக்கு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மெதுவாகவே படிக்கட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.